வினாக்கொத்தோடு ஏறிய வாசல்கள்

அடுத்தவருடைய ஆராய்ச்சிக்காக, அறிமுகமில்லாத வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதுதான் என்னுடைய தொழில்.

பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு ஊரைக் காட்ட வேண்டும். ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்பதைத் தமிழில் கேட்டு, வருகிற பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தொடங்கிய வேலை இது. நியமனம் இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சாய்ந்தமருதில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஸ்கூட்டி, யானைக்கும் போயிருக்கிறது, தறிக்கும் போயிருக்கிறது, நெல்லுக்கும் கடலுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் போயிருக்கிறது. இத்தனை துறையில் ஓடிய ஸ்கூட்டிக்கே ஒரு கௌரவப் பட்டம் கொடுக்கலாம் என்று என் தம்பி சொல்வான்.

வினாக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற எவருக்கும் நான் சொல்லப் போவது புதினமாக இராது. உங்களையும் நாய் துரத்தியிருக்கும். ‘வீட்டுல ஆக்கள் இல்ல’ என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வந்திருக்கும். முடியப் போகிற நேரம் பார்த்து, ‘சோறு ஆக்கணும், நாளைக்கு வாங்க’ என்று எழும்பிப் போயிருப்பார்கள். அந்தப் பாடு பட்ட என் கூட்டாளிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அழுது புலம்ப அல்ல. அந்த வாசல்களில் நான் கண்ட மனிதர்களை, கேட்டவர்களையும் சொன்னவர்களையும், யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

எனக்கே பூட்டா?

முதல் வேலை, வெளிநாட்டில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டங்களில் பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. நான் கூட்டிக்கொண்டு போன முதல் வீடு ஜெமீலா ராத்தாவுடையது; ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. வாசல் படலையடியில் எங்களைக் கண்டதுமே, “என்ன தரப் போறீங்க? வீடா, தையல் மெசினா?” என்று கேட்டார். “ஒண்டும் தர வரல்ல ராத்தா, கேக்கத்தான் வந்த” என்றேன். “அல்லாஹ்வே, தாறதுக்கு வந்தவங்களே கேட்டுப் போட்டுத்தான் போனாங்க. நீங்க நேராக் கேக்க வந்திரிக்கீங்க. மறுகா என்ன, உள்ளுக்கு வாங்க” என்று பாயை விரித்தார்.

அன்று பின்னேரம் முழுக்க ராத்தா கதைத்தார். காற்றுப் படுகிற பக்கம் தேடி அடுப்பை வீட்டைச் சுற்றி இடம் மாற்றிய கதை; மேல்மாடி வீட்டிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் தலையில் விழுந்த கதை; அந்தச் சண்டையிலேயே மேல்வீட்டுக்காரி உயிர்ச் சிநேகிதியாகிய கதை. வெளிநாட்டுப் பெண் சிரித்துச் சிரித்து எழுதினார். எழும்பும்போது ராத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: “எழுதி முடிஞ்சா எனக்குக் காட்டணும். வாறவங்க எல்லாரும் எழுதிக்கிட்டுப் போறாங்க. என்ன எழுதினாங்கெண்டு ஒருத்தரும் காட்டினதில்ல.”

காலம் போய்க் கட்டுரை வெளிவந்தது. எனக்கும் ஒரே சந்தோசப் புழுகம். போனை எடுத்துக்கொண்டு ஜெமீலா ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அயல் பெண்களும் கூடிவிட்டார்கள். இணைப்பை அமத்தினால், தலைப்பு மட்டும் தெரிகிறது. கீழே, பணம் கட்டினால்தான் மீதி திறக்கும் என்று ஒரு பெட்டி. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ராத்தா என் தோளுக்கு மேலால் எட்டி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “என்ர வாயால வந்த கதைக்கு எனக்கே பூட்டா?”

ஆட்டுக்கு விழுந்த ஏச்சு

ராத்தா சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அந்தப் பெண்ணுக்கு ஈமெயிலில் அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். தன்னிடமிருந்த பிரதியை அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம், உலகத்தில் எவரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இடங்களில்தான் வருகிறது. ‘திறந்த அணுகல்’ என்று அதற்குப் பெயர் என்பதை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து எவர் வேலைக்குக் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “கட்டுரை திறந்து கிடக்குமா, பூட்டிக் கிடக்குமா?” என்பதுதான்.

“திறந்துதான் கிடக்கும், குரலும் சேர்ந்து கிடக்கும்” என்று பதில் சொன்னவர் பிரணவன். யாழ்ப்பாணத்துப் பெடியன், மொழியியல் ஆய்வாளர். எங்கள் பக்கத்துப் பேச்சை, பேசுகிறவர் வாயிலிருந்தே பதிவு செய்ய வந்திருந்தார். தமிழருக்குத் தமிழில் கதைக்க நான் எதற்கு என்று நினைத்தேன். மருதமுனையில் நிஹாரா வீட்டுத் தறிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்ததும் காரணம் விளங்கிவிட்டது. அதுவரை தறியில் இருந்தபடி என்னோடு கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்த நிஹாரா, முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டு, “எமது பிரதேசத்தின் நெசவுத் தொழிலானது மிகவும் தொன்மை வாய்ந்ததாகும்” என்று செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். “அக்கா, சும்மா கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ” என்றார் பிரணவன். “அவ்வாறே ஆகட்டும்” என்றாள் நிஹாரா.

அந்தப் பெடியனுடைய பொறுமையைச் சொல்ல வேண்டும். சினக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒரு மணித்தியாலம் செய்தி கேட்டார். சாயம் போட்டு முற்றத்துக் கொடியில் காயவிட்ட நூலை ஓர் ஆடு வந்து கடித்து இழுத்ததுதான் தாமதம், நிஹாரா தறியை விட்டுப் பாய்ந்தாள். “அடேய் பேய்க்குப் பொறந்த ஆடே! ஒன்ட வாயில கொள்ளி வெக்க! ஒனக்குத் தின்ன வேற ஒண்டுமே கிடைக்கல்லியா? இரு, ஹஜ்ஜுப் பெருநாள் வரட்டும், ஒன்ன உரிச்சுத் தொங்கப் போடுறன்!” பிரணவன் முகத்தில் பெருநாள் பிறை கண்ட சந்தோசம்.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்ததும், பிரணவன் முதலில் சொன்ன வார்த்தை, “அக்கா, இது பதிவாகிப் போச்சு. நீங்கள் சொன்னால் இப்பவே அழிக்கிறன்.” நிஹாரா போட்டுக் காட்டச் சொன்னாள். கேட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அழிக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கட்டுரை வந்தபோது, அதில் அந்த வசனங்கள் ஒவ்வொன்றும் பிரித்து விளக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு குறியை அமத்தினால் நிஹாராவின் குரல். நான் போனில் போட்டுக் காட்ட, ஆட்டுச் சொந்தக்காரியும் சேர்ந்து நின்று கேட்டாள். இதை எந்த நாட்டிலிருந்தும் எவரும் கேட்கலாமா என்று நிஹாரா இரண்டாம் தரமும் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு சொன்னாள்: “உலகமெல்லாம் கேக்குமெண்டு தெரிஞ்சிரிந்தா இன்னும் கொஞ்சம் வடிவா ஏசியிரிப்பேனே!”

போன காணிக்கு

நிலூஷி புவியியல் விரிவுரையாளர், சிங்களப் பெண். கடற்கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அளக்க மாதாமாதம் வருவார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் படகு கரைக்கு வருகிற நேரத்துக்கே அவரும் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். அங்கிருந்து என் ஸ்கூட்டியில் கரையோரமாகப் போவோம். முதுகில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, அலை நனைத்த கோட்டின் மேலேயே நடப்பார். செருப்பில்லாத கால், சுடுமணல், வாய் திறந்து ஒரு முறைப்பாடு கிடையாது.

மூத்த ஆண்களை எங்கள் பக்கம் காக்கா என்போம்; ஒரு கரையில் ஜலால்தீன் காக்கா எங்களோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு அந்த இடத்தில் ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. இப்போது இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக வேரைக் கிளப்பி, மரம் மரமாகச் சாய்த்துக் கொண்டுபோய்விட்டது. நாங்கள் போகும்போதெல்லாம் அடுத்த வளவில் இளநீர்க் குரும்பை பறித்துக்கொண்டு வந்து வெட்டித் தருவார். “என்ர மரத்துக் குரும்பை இதவிட இனிக்கும்” என்பார். நான் மொழிபெயர்க்காமலே நிலூஷி அதை விளங்கிக்கொள்வார்.

வரைபடத்தின் முதல் பிரதி வந்ததும் காக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ரோட்டையும் பள்ளிவாசலையும் கண்டுபிடித்து, விரலால் கோடு பிடித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். “இதில என்ர தோட்டம் எங்க?” நிலூஷி நீல நிறத்தைக் காட்டினார். காக்கா அந்த நீலத்தை விரலால் தடவினார். “ஓம், இப்ப கடல்தான். சரிதான். ஆனா கடலெண்டு மட்டும் போட்டா, அது எப்பவும் கடலாத்தான் கிடந்த எண்டு நினைச்சுப் போடுவாங்களே” என்றார். நான் சிங்களத்தில் சொன்னேன். நிலூஷி அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொழும்பில் அலைந்து, பழைய நில அளவைப் படமொன்றைத் தேடி எடுத்தார். அதில் சின்னச் சின்னத் தென்னைக் குறிகளோடு அந்தத் தோட்டம் இருந்தது. வெளியான கட்டுரையின் படத்தில் நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளிக்கோடு ஓடுகிறது. ‘முன்னைய தென்னந்தோட்டம்’ என்று எழுதியிருக்கிறது.

அது எல்லாரும் பார்க்கக்கூடிய கட்டுரை என்பதால் கல்முனையில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். காக்கா அதை வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் புள்ளிக்கோட்டைக் காட்டுகிறார். என்னிடம் சொன்னது இதுதான்: “காணி போயிட்டு. போன காணிக்கு ஒரு சாட்சி வந்திரிக்கி.”

கமராவுக்கு ஒரு சலாம்

ருவன் யானைகளை ஆராய்பவர். சாகாமம் குளத்தடியில், வயலுக்கும் காட்டுக்கும் நடுவே யானை எந்த வழியாக வருகிறது என்று பார்க்க, மரங்களில் கமரா கட்டினார். முன்னால் எது அசைந்தாலும் அதுவாகவே படம் எடுக்கும் கமரா. யாரும் பயப்படக் கூடாது என்று, கட்டுவதற்கு முன்பு அங்கே வயல் செய்கிறவர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: “இதில வாற படத்த அங்கால ஒரு ஆள் இருந்து பாப்பாரு.” அந்த ஆள் வேறு யாருமில்லை, ருவன்தான்.

படங்களை எடுத்துப் பார்த்தால் யானை இருந்தது, பன்றி இருந்தது, மயில் இருந்தது. அதோடு, ஒவ்வொரு நாள் காலையிலும் இஸ்மாயில் காக்கா இருந்தார். அக்கரைப்பற்றிலிருந்து சைக்கிளில் வந்து அங்கே வயல் செய்கிறவர். எல்லாப் படத்திலும் சைக்கிளை நிறுத்தி, கமராவுக்கு நேரே பார்த்து, கையை நெற்றிக்கு உயர்த்தியபடி நிற்கிறார். மழை பெய்த நாளில் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நிற்கிறார். மனிதர்கள் விழுந்த படங்களை அழித்துவிட வேண்டும், அவர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. ருவன் அதில் ஒரு தூசியும் பிசகாத மனிசன். ஆகையால் நாங்கள் இருவரும் வயலுக்கே போய்க் காக்காவிடம் விசயத்தைச் சொன்னோம். “அதுக்கு முன்னால ஏன் காக்கா நிண்டு நிண்டு போற நீங்க? அது யானைக்குக் கட்டினதுதானே?” என்று கேட்டேன்.

காக்கா ருவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற மாதிரி. “அங்கால ஒரு ஆள் இருந்து பாக்காரு எண்டு நீங்கதானே தங்கச்சி சொன்ன? பாக்கிற மனிசருக்குச் சலாம் சொல்லாம எப்படிப் போற?”

மண் போட்ட மாதிரி

இந்தக் கதையில் பெயரை மாற்றிச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையை ஷிபானா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொக்டர் சுகந்தி மட்டக்களப்பிலிருந்து வந்தார். மனநல மருத்துவர். பிள்ளை பெற்ற பிறகு தாய்மாருடைய மனம் எப்படி இருக்கிறது என்பது அவருடைய ஆய்வு. கதைக்கத் தமிழ் அவருக்கே இருந்தது. எந்த வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது, எந்த நேரம் போனால் கதைக்கலாம் என்று சொல்லத்தான் நான். வினாக்கொத்தில் ‘மனச்சோர்வு’ என்று ஒரு சொல் இருந்தது. போன வீடெல்லாம் அந்தச் சொல்லுக்கு ஒரே பதில்: “அல்ஹம்துலில்லாஹ், அப்படி ஒண்டுமில்ல.” டொக்டர் என்னைப் பார்ப்பார். இரண்டு பேருக்குமே நம்பிக்கை வராது.

ஷிபானா வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த பிறகும் அவள் தாயோடுதான். கேட்பது மகளிடம், பதில் தாயிடமிருந்து. “நித்திரை கொள்றாவா?” “நல்லாக் கொள்றாள்.” “சாப்பிடுறாவா?” “நல்லாத் தின்றாள். கொஞ்சம் சோம்பல், வேற ஒண்டுமில்ல டொக்டர்.” ஷிபானா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை தொட்டிலில் அழுதது. அவள் அசையவில்லை.

டொக்டர் பேனையை மூடினார். “உம்மா, உங்கட பக்கம் பிள்ளை பெத்த ஆக்களுக்குச் சரக்குக் கறி ஒண்டு வைப்பாங்களாமே. அத இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் செய்து காட்டுறீங்களா?” என்று என்னைக் கை காட்டினார். தாய்க்குச் சந்தோசம். என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், கொத்தமல்லி, மிளகு, உள்ளி என்று எடுத்து வைத்தார். அம்மியில் தண்ணீர் தெளித்தார். அரைக்கத் தொடங்கியவர், என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

“இவளப் பெத்த நேரம் நானும் இப்படித்தான் கிடந்த.”

நான் மிளகை அம்மிப் பக்கம் தள்ளி வைத்தேன்.

“என்னக் கிணத்தடிக்குத் தனியப் போக உட மாட்டாங்க. ஏனெண்டு கேட்ட ஆளுமில்ல, நான் சொன்னதுமில்ல. மறுகா அதுவா மாறிப் போன. எவ்வளவு காலத்துல மாறினதெண்டும் தெரியா.” குழவி நின்றுவிட்டது. “இவளுக்கும் அப்படியா புள்ள?”

எனக்கு என்ன தெரியும்? “தெரியா உம்மா. அவட வாயால சொன்னாத்தான் தெரியும்” என்றேன். தாய் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, “டொக்டர், நான் சொன்னத எல்லாம் வெட்டுங்க. இனி அவள் சொல்றத எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, தொட்டிலில் கிடந்த பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்.

தோளில் போட்டுத் தட்டித் தட்டி அழுகையை அமத்தினார். பிறகு அறைக்குள்ளிருந்து ஷிபானாவின் குரல் கேட்டது. “நெஞ்சுக்குள்ள மண் போட்ட மாதிரிக் கிடக்கு டொக்டர். புள்ள அழுறது அங்கால ஆருடயோ வீட்டுல அழுற மாதிரிக் கேக்குது.” முற்றத்தில் நின்ற தாய் பேரப்பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் அன்றைக்கே ஆய்வை நிறுத்தி வைத்தார். முதலில் ஷிபானாவைச் சிகிச்சைக்கு ஒழுங்கு செய்தார். முதல் தடவை தானே கூட்டிக்கொண்டு போனார். பிறகு வினாக்கொத்தைத் திருத்தினார். ‘மனச்சோர்வு’ போய், ‘நெஞ்சுக்குள்ள மண் போட்ட மாதிரிக் கிடக்கா?’ என்ற கேள்வி வந்தது. அதே தெருக்களில், அதே வீடுகளுக்கு மறுபடியும் போனோம். முன்பு ‘ஒண்டுமில்ல’ என்ற சில பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “ஓம்” என்றார்கள்.

கட்டுரை திறந்து கிடக்கிறது. அதில் அந்த வசனம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. சொன்னவர் பெயர் இல்லை. நான் போனில் கொண்டுபோய்க் காட்டும்போது ஷிபானாவின் மகன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவள் ஒரு கண்ணை அவன் மேல் வைத்துக்கொண்டே அந்த வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். போனை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: “அது நான்தான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க ராத்தா. ஆனா, அது நான்தான்.”

தோத்த கதை

வரிப்பத்தான்சேனையில் நஸார் காக்கா தன் வயலில் ஒரு துண்டை அனூஷியாவுக்கு விட்டுக் கொடுத்தார். அனூஷியா விவசாய ஆராய்ச்சி மாணவி, கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீரும் மிச்சம், விளைச்சலும் குறையாது என்று காட்டுவது அவளுடைய நோக்கம். வரம்பில் குந்தியிருந்து மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சேற்றுக்குள் இறங்கினால் ஏறமாட்டாள். “இந்தப் புள்ள நெல்லோட கதைக்கிறா போல” என்று காக்கா பெருமையாகச் சொல்லுவார்.

தண்ணீர் மிச்சம்தான் ஆனது. ஆனால் தண்ணீர் இல்லாத இடைவெளி பார்த்துக் களை கிளம்பிவிட்டது. பிடுங்கப் பிடுங்க வந்தது. வெட்டு நேரம் சுற்றுவட்டாரமெல்லாம் பொன்னாய்க் கிடக்க, அந்தத் துண்டு மட்டும் சொறி பிடித்த மாதிரிக் கிடந்தது. பக்கத்து வயல்காரர்கள், “நஸார் இந்தப் போகம் புல்லு விதைச்சிரிக்காரு” என்று பகிடி பண்ணினார்கள். அனூஷியா வரம்பில் நின்று எல்லாத்தையும் பார்த்தாள். பிறகு காக்காவுக்கு முன்னால் வந்து நின்று, “காக்கா, நான் நினைச்சது இந்த மண்ணில சரிவரயில்லை. தோத்துப் போச்சு. உங்கட துண்டைக் கெடுத்துப் போட்டன்” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் தடுமாறவில்லை. காக்கா, “நெல்லுத்தானே புள்ள, அடுத்த போகம் வரும்” என்றார். அவள் போன பிறகு என்னிடம், “பாவம், எல்லாத்தயும் மறைச்சுத்தான் எழுதப் போறாள். அப்படி எழுதாட்டிப் பட்டம் குடுக்க மாட்டானுகளே” என்று கவலைப்பட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் காக்கா எனக்குப் போன் எடுத்தார். பதற்றம் என்றால் அப்படி ஒரு பதற்றம். “புள்ள, அந்தக் கட்டுரை வந்திரிக்கி. மகன் போனுல போட்டுத் தமிழுக்கு மாத்தினான். என்ர வயல்ல கஞ்சா வளந்ததெண்டு கிடக்கு! பொலிசு வந்தா நான் என்ன சொல்ற?” ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போனை வாங்கிப் பார்த்தேன். களையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தெருப் பேச்சில் கஞ்சா என்றும் பொருள் உண்டு; போன் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. “வயல் முழுவதும் கஞ்சா பரவியது. கஞ்சாவைக் கையால் பிடுங்கியும் பயனில்லை” என்று வரிக்கு வரி. நான் சிரித்து முடிக்கும்வரை காக்கா பொறுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் இருந்து, வசனம் வசனமாகச் சரியான தமிழில் சொன்னேன். இந்த மண்ணில், இந்தப் போகத்தில், இந்த முறை பலன் தரவில்லை என்று முதல் பத்தியிலேயே அனூஷியா எழுதியிருந்தாள். எங்கே பிழை வந்தது, எதை எதிர்பார்க்கவில்லை, இனிச் செய்கிறவர்கள் எதைப் பார்த்துச் செய்ய வேண்டும், எல்லாம் இருந்தது. பகிடி பண்ணிய பக்கத்து வயல்காரர்களையும் காக்கா கூப்பிட்டு இருத்தி, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்கள் பகிடி பண்ணவில்லை. குறுக்கே கேள்விதான் கேட்டார்கள். முடிந்ததும் அனூஷியாவுக்குப் போன் எடுத்துத் தரச் சொன்னார். அவள் ஒரு செய்தி சொன்னாள்: கட்டுரையைப் படித்துவிட்டு வேறொரு மாவட்டத்திலிருந்து விவசாய உத்தியோகத்தர் ஒருவர் நன்றி சொல்லி எழுதியிருந்தாராம். தன் பக்கத்து விவசாயிகளை அதே முறைக்கு இறக்க இருந்தவர், இதைப் பார்த்ததும் முதலில் ஒரு சின்னத் துண்டில் செய்து பார்க்கப் போகிறாராம். காக்கா அதைக் கேட்டுப் போனைக் கீழே வைத்தார். பக்கத்து வயல்காரர்களைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: “வெண்டத எல்லாரும் எழுதுவான். தோத்தத ஊருக்கெல்லாம் திறந்து வெச்சிரிக்காள் பாருங்க, அவள்தான் படிச்சவள்.”

அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் கடலையும் வயலையும் ஆட்டையும் ஏச்சையும் இன்று உலகத்தில் எவரும் வீட்டில் இருந்துகொண்டே காசில்லாமல் பார்த்துவிடலாம், என்னை மட்டும்தான் இன்னும் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, “நீங்க ஆரு, ஆர்ர மகள்?” என்று கேட்கிறார்கள்.